கன்ட்ரோல் ரத்தம்

ஜூன் 3

மறுபடியும் அதிகம்.

நூறு செல் பார்த்தேன். பதினான்கில் குரோமோசோம் உடைந்திருக்கிறது. சாயப்பட்டறைத் தொழிலாளியின் ரத்தமாக இருந்திருந்தால் இந்நேரம் சாருக்கு ஃபோன் போட்டிருப்பேன். இது கன்ட்ரோல். பட்டறையில் ஒரு நாள்கூட வேலை செய்யாத ஆளின் ரத்தம். தொழிலாளர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருப்பது. இரண்டு இருக்கலாம், மூன்று இருக்கலாம். பதினான்கு இருக்கக் கூடாது.

ஆள் நான்தான்.

தினகரனும் நானும் பேசி வைத்திருப்பது இது. என் ரத்தத்தில் சேதம் இருந்தால் லேபை விட்டுவிடுவேன், ஐந்தாம் வருடமானாலும் சரி, ஆய்வு பாதியில் நின்றாலும் சரி. சேதம் இல்லையென்றால் பிப்ரவரியைப் பற்றி வீட்டில் யாரும் லேபோடு சேர்த்துப் பேசக் கூடாது.

அவர் கேட்டார். இன்னும் எண்ணி முடிக்கவில்லை என்றேன்.

ஜூன் 4

கேஸ் சிலிண்டர் வந்தது. மாவு புளித்துவிட்டது. அதையே ஊற்றினேன்.

ஜூன் 6

கைடு வேதநாயகம் சாரின் அறையில் அரை மணி நேரம். அதில் பாதி நேரம் அவர் ஃபோனில் யாருக்கோ பழனிக்கு ரூம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் கிறிஸ்தவர். சம்பந்தி வீட்டுக்காக.

கணக்கைக் காட்டினேன். தொழிலாளர்கள் சராசரி பதினேழு. கன்ட்ரோல் பதினான்கு. இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை என்றால் சாயத்தால் எந்தச் சேதமும் இல்லை என்று எழுத வேண்டும். அல்லது ஊரில் எல்லோருக்கும் சேதம் என்று எழுத வேண்டும்.

"யாரும்மா அந்த வாலண்டியர்?"

தெரிந்த பெண் என்றேன்.

"அந்தப் பொண்ணை வீட்டுக்கு அனுப்பு. கன்ட்ரோல் சரியில்லைன்னா கன்ட்ரோலை மாத்து. ஊர்ல ரத்தத்துக்கா பஞ்சம்? ஹாஸ்டல்ல நாலு பசங்களைப் பிடி. ஆளுக்கொரு ஜூஸ் வாங்கிக் குடு."

மற்ற இரண்டு கன்ட்ரோல்களும் அதிகம்தான், பதினொன்று, பன்னிரண்டு. ஒருவன் சிகரெட் பிடிக்கிறான். இன்னொருத்திக்குப் போன மாதம் காய்ச்சல். அவற்றுக்குக் காரணம் இருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

காங்கேயத்திலிருந்து அத்தை வந்தார், மகனையும் என்னையும் பார்க்க. பேரீச்சை, முருங்கைக்கீரை, ஒரு தூக்கு நிறைய நெய். கீரையை அவரே ஆய்ந்தார். என்னை உட்காரச் சொன்னார்.

திட்டவில்லை. திட்டினால் பதில் சொல்லியிருப்பேன். என் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "உன்னயக் கொற சொல்லலக் கண்ணு. நாலு மாசத்துப் புள்ளைய அந்த மருந்துதான் கரைச்சுப் போட்டுது. அந்த வேலைய அக்கட்டால வெச்சுட்டு ஒரு வருசம் ஊட்டுல இரு. வேலையெல்லாம் எங்கீம் போயராது."

உறவுக்காரர்கள் எல்லோரிடமும் இதையே சொல்லியிருக்கிறார் என்று பேச்சில் தெரிந்தது. அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் இது எனக்கான உதவி. மருமகளிடம் கோளாறு என்று யாரும் சொல்லிவிடாமல், மருந்தின் மேல் போட்டிருக்கிறார்.

தினகரன் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த வண்டி.

ஜூன் 10

மறுபடி எடுத்தேன். அஃப்ரின் ஊசி போட்டாள். எனக்கு ஜூனியர், இரண்டாம் வருடம், பல்லடத்திலிருந்து பஸ்ஸில் வருகிறாள். மூன்றாவது குத்தில்தான் நரம்பு கிடைத்தது.

"உங்க நரம்பும் உங்கள மாதிரிதாங்க்கா. கூப்புட்டா வராது."

ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களை மட்டும் பிரித்து வளர்ப்பது எங்கள் லேபின் வழக்கம். மற்ற இடங்களில் ரத்தத்தை அப்படியே போடுவார்கள். சார் அதைச் சோம்பேறித்தனம் என்பார். பிரித்த அணுக்களை மீடியத்தில், அதாவது அவற்றுக்குச் சோறு போடும் சிவப்புத் திரவத்தில் விட்டு, ராஜ்மாவிலிருந்து எடுத்த ஒரு புரதத்தைச் சேர்த்து, உடம்புச் சூட்டில் மூன்று நாள் வைக்க வேண்டும். ராஜ்மா சேர்த்தால்தான் அணுக்கள் விழித்துக்கொண்டு பெருகும். பெருகும்போதுதான் குரோமோசோம்கள் கண்ணுக்குத் தெரியும்.

மீடியம் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தபோது யாரோ உள்ளே தயிர் சாதம் வைத்திருந்தார்கள். போன தீபாவளிக்குப் பழைய ஃபிரிட்ஜ் கெட்டுப்போனதும், மூடிய ஒரு பேக்கரியிலிருந்து வாங்கிப்போட்ட கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜ். அன்றிலிருந்து சாப்பாட்டுப் பெட்டி என்றே எல்லோருக்கும் நினைப்பு. பப்ஸ் இருக்கா என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். தயிர் சாதத்தை வெளியே எடுத்து வைத்தேன். கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை.

ஜூன் 14

பதினாறு.

எல்லாம் ஒற்றை இழை உடைவு. குரோமோசோமின் இரண்டு இழைகளில் ஒன்று மட்டும் அறுந்து, இன்னொன்று முழுதாக இருக்கிறது. உடம்புக்குள்ளேயே நேர்ந்த சேதமென்றால் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே உடைந்திருக்கும், ஒற்றை இழை உடைந்திருந்தால் வளர்ப்பில் நேர்ந்ததா என்று சந்தேகப்பட வேண்டும் என்று முதல் வருடப் பாடத்தில் உண்டு. வேதிப்பொருள் சேதம் ஒற்றை இழையிலும் தெரியலாம் என்றும் அதே பக்கத்தில் உண்டு.

இரண்டாவது வரியை எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

துணி. கரண்ட் இல்லை. காற்று கொடியோடு சேர்த்து எல்லாவற்றையும் தரையில் போட்டது. மறுபடி அலசினேன். தினகரன் உதவிக்கு வந்தார். நானே செய்துகொள்கிறேன் என்று சொன்ன விதம் சரியில்லை.

ஜூன் 17

திருப்பூரிலிருந்து சின்னமணி அண்ணன். ஜனவரியில் ரத்தம் கொடுத்த தொழிலாளி. பட்டறையில் துணியைச் சாயத் தொட்டியில் இறக்குகிறவர். மாதம் ஒருமுறை கூப்பிடுவார்.

"என்னுங் பாப்பா, என்ற ரத்தம் பாஸா ஃபெயிலா?"

எல்லோருடையதையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும், தனியாகச் சொல்லும் பரிசோதனை இல்லை இது என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.

"அதையேதான் அஞ்சு மாசமாச் சொல்றீங். எங்கூட்டுல, பொண்ணுக்குக் கல்யாணம் பேசறோம், உங்க ரத்தத்துல ஏதாச்சு இருந்தா அது புள்ளைக்கும் வருமான்னு கேக்கறாங். சரி, வையுங். வேலையா இருப்பீங்."

அவருடையது பத்தொன்பது. எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

என்னுடையது தெரிந்து நான் மட்டும் என்ன செய்துவிட்டேன்.

ஜூன் 18

ராஜினாமாக் கடிதம் எழுதினேன். 'குடும்பச் சூழல் காரணமாக.' அந்த மூன்று சொல்லைத் தாண்டிப் போகவில்லை.

ஜூன் 19

கடைசி முறை என்று முடிவு செய்து எடுத்தேன். பிரிக்கும் கரைசல் பாதிதான் இருந்தது. வாங்கக் கேட்டு ஏப்ரலில் கொடுத்த விண்ணப்பம் எந்த மேசையில் தூங்குகிறதோ. பாதி ரத்தத்தை மட்டும் பிரித்தேன். மீதியை என்ன செய்வது என்று அஃப்ரினைக் கேட்டேன். அப்படியே போடுங்க, கொட்டறதுக்கு அது பரவால்லை என்றாள்.

சோம்பேறித்தனமாக ஒரு குழாய் போட்டேன்.

ஜூன் 23

பிரித்தது: பதினைந்து.
அப்படியே போட்டது: மூன்று.

ஒரே கை. ஒரே ஊசி. ஒரே நாள்.

சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிகிறது. எரிச்சல்தான் வந்தது. ஸ்லைடு சரியில்லை, சாயம் ஏறவில்லை என்று இன்னொரு முறை எண்ணினேன். மூன்று. அஃப்ரினை எண்ணச் சொன்னேன். அவள் இரண்டு என்றாள். நீ சரியாகப் பார்க்கவில்லை என்றேன். "மூணாவது வெறும் தூசிங்க்கா" என்றாள். அவளிடம் கடுமையாகப் பேசினேன். அவள் டீ வாங்கப் போய்விட்டாள். எனக்கும் சேர்த்து வாங்கி வந்தாள்.

ஜூன் 25

டீ குடித்துக்கொண்டே அஃப்ரின் கேட்ட கேள்வி மண்டையில் நிற்கிறது. பிரிக்காத குழாயில் இருப்பது, பிரித்த குழாயில் இல்லாதது எது?

சிவப்பணு.

சிவப்பணுக்களுக்கு ஒரு வேலை நன்றாகத் தெரியும். பெராக்சைடை உடைத்துப் போடுவது. புண்ணில் ஊற்றினால் நுரைத்து வருமே, அந்த மருந்துதான் பெராக்சைடு. அது இருந்தால் குரோமோசோம் அறுந்துபோகும். சிவப்பணு பக்கத்தில் இருந்தால் அது வெள்ளணுவைத் தொடுவதற்கு முன்பே தீர்ந்துபோகும்.

அப்படியென்றால் பெராக்சைடு என் உடம்பில் இல்லை. குழாயில் இருக்கிறது. குழாய்க்கு எங்கிருந்து வந்தது?

மதியம் ஃபிரிட்ஜ் முன்னால் நின்றேன். முன்வரிசையில் மீடியம் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் நான் மார்க்கரால் எழுதிய தேதி. கதவுப் பக்கம் எழுதியிருந்த எழுத்து வெளிறிப்போயிருந்தது. பின்பக்கம் எழுதியது அப்படியே கறுப்பாக இருந்தது.

பாட்டிலுக்கு மேலே, கதவை ஒட்டி ட்யூப் லைட். கேக்கை அழகாகக் காட்டுவதற்காகப் பேக்கரிக்காரர் போட்டது. அதற்குத் தனி சுவிட்ச் கிடையாது. தீபாவளியிலிருந்து அணையாமல் எரிகிறது.

மீடியத்தில் ஒரு வைட்டமின் உண்டு. வெளிச்சம் பட்டால் அது கெட்டு, பெராக்சைடை உண்டாக்கும். மீடியத்தை இருட்டில் வை என்று நான் பிறப்பதற்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார்கள். இன்று தேடி எடுத்துப் படித்தேன். பாட்டில் லேபிளிலும் சிறிய எழுத்தில் அச்சடித்திருக்கிறது. அந்தப் பாட்டிலை எத்தனை முறை கையில் பிடித்திருப்பேன்.

ஜூன் 26

ஸ்டோர் ரூமில் அட்டைப்பெட்டியோடு பிரிக்காத இரண்டு மீடியம் பாட்டில் இருந்தன. அஃப்ரின் யாரிடமோ கெஞ்சிப் பக்கத்துத் துறையிலிருந்து பிரிக்கும் கரைசல் கொண்டுவந்தாள். என் ரத்தம், அவள் ரத்தம். ஃபிரிட்ஜ் பாட்டிலில் பாதி, பெட்டிப் பாட்டிலில் பாதி. எல்லாம் பிரித்த வெள்ளணு.

பெட்டிப் பாட்டிலிலும் பதினைந்து வந்தால்?

வரட்டும் என்று ஒரு நினைப்பு. அதை எழுதி வைக்கிறேன். அடிக்கப் போவதில்லை.

ஜூன் 30

ஃபிரிட்ஜ்: நான் பதினான்கு, அஃப்ரின் பதின்மூன்று.
பெட்டி: நான் இரண்டு, அஃப்ரின் மூன்று.

"உங்கள விட நாந்தான் ஒண்ணு அதிகம் உடைஞ்சிருக்கேன்" என்று அஃப்ரின் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் பாத்ரூமில் கொஞ்ச நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றிருந்தேன்.

தினகரனிடம் சொல்லவில்லை. நல்ல செய்தி. ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை.

ஜூலை 1

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தப் பெண் நான்தான் என்பது உட்பட.  மேசையிலிருந்த பேப்பர்வெயிட்டை நகர்த்தி வைத்தார்.

ஜனவரியிலிருந்து எடுத்த எல்லாமே அந்த ஃபிரிட்ஜ் பாட்டில்தான் என்றேன். தொழிலாளர்கள் நாற்பது பேரும்.

"அவங்க டேட்டாவைத் தொடாதே. அது நல்லாத்தானே இருக்கு? கன்ட்ரோலை மட்டும் புதுப் பாட்டில்ல போட்டு எழுது. செப்டம்பர்ல ரிப்போர்ட். டிசம்பரோட உன் ஃபெலோஷிப் முடியுது. நான் உனக்காகத்தான் சொல்றேன்."

கடைசி வாக்கியம் பொய்யில்லை. அதுதான் கஷ்டம்.

ஜூலை 2

வரைந்து பார்த்தேன். தொழிலாளர் பதினேழு, கன்ட்ரோல் மூன்று. ஒரு நெட்டைக் கட்டம், ஒரு குட்டைக் கட்டம். அழகாக இருந்தது. பார்க்கிற யாருக்கும் ஒரே பார்வையில் புரியும். கோபம்கூட வரும், சாயப்பட்டறைகள் மேல். வர வேண்டிய கோபம்தான்.

பதினேழில் சாயம் செய்தது எவ்வளவு, பேக்கரி விளக்கு செய்தது எவ்வளவு? யாராலும் சொல்ல முடியாது. ஐந்து மாதமாகப் 'பாஸா ஃபெயிலா' என்று கேட்கிறவருக்கு என்ன சொல்வேன்? அவர் மகளுக்கு?

அத்தை மருந்தின் மேல் போட்டது போல நான் சாயத்தின் மேல் போடலாம். எல்லோருக்கும் நிம்மதி.

ஜூலை 4

முடியாது என்று சாரிடம் சொல்லிவிட்டேன். நாற்பது பேரையும் மறுபடி எடுக்க வேண்டும் என்றேன்.

"ஒரு வருஷம் போயிடும்மா."

போகட்டும் என்றேன். தைரியமாகச் சொன்னது போல எழுதிக்கொள்ள விரும்பவில்லை.  சார் கரைசல் வாங்கும் விண்ணப்பத்தைக் கொண்டுவரச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஏப்ரலிலேயே போட்டிருக்கலாம்.

பாட்டில்களுக்கு அலுமினியத் தாள் சுற்றினோம். ட்யூப் லைட்டை அஃப்ரின் ஸ்டூல் மேல் ஏறிக் கழற்றினாள். சாயந்திரம் யாரோ வந்து ஃபிரிட்ஜ் கெட்டுப்போச்சா என்று கேட்டார்கள்.

ஜூலை 5

தினகரனிடம் சொன்னேன். அவர் வங்கியிலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றவில்லை. சமையலறை வாசலில் நின்று கேட்டார். விளக்கு, பாட்டில், பெராக்சைடு, எல்லாம். முடிவாக, என் ரத்தத்தில் ஒன்றுமில்லை, லேப் செய்த சேதம் எதுவும் தெரியவில்லை என்றேன்.

"நல்லதுதானே" என்றார். "அப்பறம் எதனால?"

"தெரியல."

"டாக்டரு?"

"அவங்களுக்கும் தெரியல. பாதிக்கு மேல இப்படித்தான், காரணம் தெரியாதுன்னு அன்னிக்கே சொன்னாங்க. நீங்களும் இருந்தீங்க."

ஆமாம் என்றார். அவருக்கும் ஞாபகம் இருந்தது. இரண்டு பேருமே அதைக் கேட்காதது போல நான்கு மாதம் இருந்திருக்கிறோம்.

அடுப்பை அணைத்தேன். அவர் தரையில் உட்கார்ந்தார், பேண்ட்டோடு. நானும் உட்கார்ந்தேன். பிப்ரவரிக்குப் பிறகு அவர் அழுது இன்றுதான் பார்த்தேன். அப்போது அழுதாரா என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை.

பதினான்கு இருந்தபோது ஒரு பிடி இருந்தது. லேப், மருந்து, நான். இரண்டை வைத்துக்கொண்டு யாரையும் எதையும் சொல்ல முடியவில்லை.

ரசம் ஆறிப்போனதையே சாப்பிட்டோம்.

ஜூலை 8

திருப்பூர். நாற்பது பேரில் இன்று ஒன்பது பேரைப் பார்க்க முடிந்தது. ஏன் மறுபடி என்று ஒவ்வொருவருக்கும் உள்ளதைச் சொன்னேன்: தப்பு எங்கள் பக்கம், பாட்டில் கெட்டுவிட்டது. இரண்டு பேர் மறுத்துவிட்டார்கள். ஒருவர் அரைச் சம்பளம் போகும் என்றார். அது நியாயம்.

சின்னமணி அண்ணன் டீக்கடையில் சட்டைக் கையை மடித்துக்கொண்டே, "அப்ப அது என்ற ரத்தம் ஃபெயிலில்ல, உங்க பரிச்சைதான் ஃபெயிலு" என்றார்.

ஆமாம் என்றேன்.

"பொண்ணு கல்யாணத்துக்கு என்ன சொல்லட்டுங்?"

இப்போதைக்கு எனக்கு எதுவும் தெரியாது, தெரிந்தது போல யார் சொன்னாலும் நம்ப வேண்டாம் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஊசி ஏறும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.  கிளம்பும்போது டீக்குக் காசு மட்டும் என்னைக் கொடுக்க விடவில்லை.

ஜூலை 9

அத்தைக்கு தினகரன் ஃபோன் செய்தார். வெளியே போய்ப் பேசினார். மாடியிலிருந்து அவர் நடப்பது தெரிந்தது, கேட்கவில்லை. திரும்பி வந்து, "அம்மா நம்பலை" என்றார். "நம்பாட்டிப் பரவால்ல, இனி பேச மாட்டாங்க."

ஜூலை 12

கன்ட்ரோலும் புதிதாக வேண்டும். ஹாஸ்டல் பையன்கள் ஆறு பேர் சரி என்றார்கள், ஜூஸுக்காக.

ஏழாவதாக தினகரன் வந்து நின்றார். சொல்லாமல் வந்திருந்தார். இரண்டாம் சனி, வங்கி லீவு. லேபுக்கு அவர் வருவது இதுதான் முதல் தடவை. மைக்ரோஸ்கோப்பையும் ஃபிரிட்ஜையும் சுற்றிப் பார்த்தார். ஃபிரிட்ஜுக்குள் இருட்டாக இருக்கவும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்றதயும் எடு" என்றார்.

வேண்டாம், இதில் எதுவும் தெரிய வராது, உங்களுடையதில் ஏதாவது இருந்தாலும் பிப்ரவரிக்கு அது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது என்று விளக்கினேன். ரொம்பப் பொறுமையாகத்தான் விளக்கினேன்.

"தெரியும். உன்னுதயே எத்தன தடவ குத்துவ. ஒரு தடவையாவது என்னய யாராச்சு கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை. அத்தை கேட்கவில்லை, டாக்டர் கேட்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் கன்ட்ரோல் வைத்துப் பழகிய நானும் கேட்கவில்லை. அவரை ஒதுக்கிவைத்துவிட்டதாகக்கூட எனக்குத் தோன்றியதில்லை.

அஃப்ரின்தான் எடுத்தாள். அவருக்கு ஒரே குத்தில் கிடைத்தது. "அண்ணன் நரம்பு கூப்புட்டதும் வந்துடுச்சு" என்றாள்.

ஜூலை 16

நேற்றுச் சாயமேற்றிய ஸ்லைடுகள் காய்ந்துவிட்டன. கன்ட்ரோலும் தொழிலாளர்களும் கலந்து பதினான்கு பேருடையவை.

பெயர் தெரிந்து எண்ணினால் கண் ஏமாற்றும் என்பதால், ஸ்லைடின் பெயரை மறைத்து வேறு எண் ஒட்டித்தான் எண்ணுவோம். தொழிலாளர்களுக்கு ஒருநாளும் தவறியதில்லை. என் ஸ்லைடுகளுக்கு மட்டும் நான் ஒட்டிக்கொண்டதில்லை. அவற்றில் எதைப் பார்க்க வேண்டும் என்று உட்காரும்போதே எனக்குத் தெரிந்திருந்தது.

எல்லாவற்றையும் அஃப்ரினிடம் கொடுத்தேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டு கலைத்து, ஒட்டி, தட்டில் அடுக்கிக்கொண்டு வந்தாள். எந்த எண் யாருடையது என்ற தாள் அவளிடமே இருக்கட்டும் என்றேன். முடிந்த பிறகு? என்றாள். முடிந்த பிறகும் அண்ணனுடையதை என்னிடம் தனியாகச் சொல்லாதே என்றேன். அவரிடமும் காலையில் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தேன். சரி என்று தலையசைத்தார்.

வெளியே காற்று. ஜன்னலைச் சாத்தினேன். லென்ஸுக்காக ஸ்லைடில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்தேன்.

முதல் ஸ்லைடு. யாரோ ஒருவர். நாற்பத்தாறு குரோமோசோமும் தெளிவாகப் பிரிந்து கிடக்கின்றன. எண்ண ஆரம்பித்தேன்.